வெள்ளை ரிப்பனுக்கு உரியவர்

கால்விரல்களில் தொடங்கி முழங்கால்வரை, ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடும்படி, கெஸீன லோஹவுஸ் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆல்வின் ரோடெயின் இரண்டு கால்களிலும் நீர் இறங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பள்ளம் மேலே வர நேரம் பிடித்தது. இதயம் தளர்ந்தவர்களின் கால் அப்படித்தான் இருக்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். வீங்கிய பிறகு கட்டினால் கட்டும் வீண், துணியும் வீண்.

"சிஸ்டர், இறுக்குது."

"இறுக்கத்தான் கட்டுறேன். தளர்வா வேணும்னா மேஜோடு போட்டுக்கங்க, நான் எதுக்கு?"

கெஸீன ஓய்வுபெற்று ஏழு வருடம் ஆகிவிட்டது. ஜெர்மனியில் வேஸர் நதிக்கரையில் இருக்கும் நீன்பூர்க் ஊரில் முப்பது வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவர். அதனால் அறுபத்தேழு வயதிலும் ஊருக்கு அவர் சிஸ்டர்தான். எதிர்வீட்டு ஆல்வினுக்கு எழுபத்தொன்பது. கல்யாணம் ஆகாதவர். தன் காலைத் தானே கட்டிக்கொண்டு ஒருமுறை படியில் தடுக்கி விழுந்தார். அன்றிலிருந்து காலையில் கெஸீன வருவார், கட்டுவார், காப்பி கூடக் குடிக்காமல் போய்விடுவார்.

அன்று இரண்டாவது காலுக்கு ஊக்குக் குத்தும் நேரத்தில், ஆல்வின் தலையணைக்கு அடியிலிருந்து மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுக்கெல்லாம் ஆளைக் கண்டுபிடிச்சுத் தர்றீங்களாமே. ரொட்டிக் கடையில சொன்னாங்க."

கைக்குட்டைக்குள் ஓர் ஊசிப் பட்டையில் வரிசையாகத் தைத்த மூன்று ரிப்பன்கள், மூன்று பதக்கங்கள். பழைய ராணுவக்காரர்கள் விழா நாட்களில் கோட்டின் இடது மார்பில் குத்திக்கொள்வது.

"யாரோடது?"

"எங்கப்பாவோடது. பேருதான் தெரியாது."

*

அவர் கேட்டதில் தப்பில்லை. கெஸீனவுக்கு அந்த வேலை உண்டு. ஆசைப்பட்டுப் பிடித்துக்கொண்ட வேலை இல்லை. அவர் கணவர் ஈவால்ட் பழஞ்சந்தைகளில் பதக்கம் பதக்கமாக வாங்கி இழுப்பறைகளை நிரப்பியவர். அவர் இறந்தபோது, சவ அடக்கத்துக்கு வந்த பூக்கள் வாடுவதற்குள் சேகரிப்பாளர்கள் வாசலில் நின்றார்கள். ஒருவர் துக்கம் விசாரித்த கையோடு கைலென்ஸை எடுத்தார்.

கெஸீன யாருக்கும் விற்கவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் ஆஸ்பத்திரிக் காரணம். வார்டில் எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்க வேண்டும்: செருப்பு, கண்ணாடி, பல்செட். பெயர் இல்லாத பல்செட் யார் வாய்க்கும் பொருந்தாது. இந்த இழுப்பறைகளும் அப்படித்தான் அவருக்குத் தெரிந்தன. உரியவர் யாரென்று பார், அவர் வீட்டில் கொடு, கணக்கை முடி.

பதக்கங்களில் பெயர் இராது. ஆனால் அவை பேசும். அந்தக் காலத்தில் ஜெர்மனிக்குள் ஒவ்வொரு சின்ன ராஜாவும் தன் பதக்கத்தைத் தன் நிற ரிப்பனில் கொடுத்தான். எதன் பக்கத்தில் எதைத் தைப்பது என்பதற்கு விதி இருந்தது. எந்த ஊர்க்காரன், எந்தப் படை, எத்தனை வருடம் என்று அந்த வரிசையைப் படித்தே பாதி தூரம் போய்விடலாம். மீதி தூரத்துக்குப் பழைய படங்கள் உதவும், கிழவர்களின் ஞாபகம் உதவும். நோயாளியின் நகத்தையும் நாக்கையும் பார்த்து உள்ளே என்ன கோளாறு என்று யோசிப்பதைவிட இது கடினமில்லை.

இப்படிப் பதினைந்து இருபது குடும்பங்களைக் கண்டுபிடித்திருந்தார். சிலர் அழுதார்கள். சிலர் காப்பி கொடுத்தார்கள். ஒரு பண்ணைக்காரி, தாத்தாவின் பதக்கத்தை வாங்கி, "இந்த ஆளா? எங்க பாட்டியை அடிச்சே கொன்னவன்" என்று சொல்லி, கெஸீனவின் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டு மூடினாள். கெஸீனவுக்கு அதிலும் வருத்தமில்லை. உரியவர் கைக்குப் போய்விட்டது. அதற்குமேல் அவர் பாடு.

*

ஆல்வினுக்கு அவசரம் இருந்தது. அவர் தாய் மின்னா ரோடெ இறந்து முப்பது வருடம் நிறைகிறது. அங்கே கல்லறை நிலம் சொந்தமில்லை, தவணைக்குத்தான். தவணையைப் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு மண்ணைச் சமன்செய்து, அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆல்வின் புதுப்பிக்கத்தான் போகிறார். தானும் அதற்குள்தான் படுக்கப் போகிறார். அதற்கு முன்னால் கல்லில் தாயின் பெயருக்குப் பக்கத்தில் தந்தையின் பெயரைப் பொறித்துவிட வேண்டும். கல்தச்சர் ஹார்ம்ஸ் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

"அம்மா சலவைக்காரி," என்றார் ஆல்வின். "அப்பா முதல் உலகப்போர்ல, வெர்டன் சண்டையில போயிட்டார்னு சொல்லுவா. கல்யாணத்துக்கு முந்தியே போயிட்டாராம். பேரைக் கேட்டா, 'சொன்னா அவங்க வீட்டுக்குக் கேவலம்'னு வாயை மூடிக்குவா. சாகறப்ப இதை எங்கையில வச்சு, 'அவரோடது'ன்னா. அவ்வளவுதான்."

"முப்பது வருஷமா யார்கிட்டயும் காட்டலையா?"

"காட்டி? பேர் தெரியாதவன்னு ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

அந்த ஒரு வாக்கியத்துக்குள் அவர் ஆயுள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவருக்குச் 'சலவைத்தொட்டி' என்று பெயர். தொட்டியில் கண்டெடுத்த பிள்ளையாம். அது போகட்டும், பிள்ளைகள் பேசுவது. ஆனால் முப்பதுகளில், யூத ரத்தம் இல்லை என்று நிரூபிக்க எல்லோரும் தாத்தா பாட்டிவரை பரம்பரையைக் காட்டியே ஆக வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்ட காலத்தில், அவருக்கு ஒரு பெண் இருந்தாள். ஃப்ரீடா. மாவு மில்காரர் மகள். அவள் தந்தை, "அப்பன் பக்கத்துப் பரம்பரையையும் காட்டு, பொண்ணைத் தர்றேன். பாதி மனுஷனுக்கு எப்படித் தர்றது?" என்றார். ஃப்ரீடா ஹானோவரில் ஒரு பல்வைத்தியருக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆல்வின் அடுப்பு கட்டும் வேலைக்குப் போனார், போருக்குப் போனார், ரஷ்யச் சிறையிலிருந்து நாற்பத்தெட்டில் திரும்பினார், மறுபடி அடுப்பு கட்டினார்.

கெஸீன பட்டையைச் சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்த அந்த நொடியே, வெர்டன் கதை இதற்குப் பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை. முப்பது வருடப் பழக்கம்.

"கொண்டுபோய்ப் பாக்கறேன். காலை நாற்காலி மேல தூக்கி வைங்க. உப்பைக் குறைங்க."

*

செவ்வாய்க்கிழமை மாலைகளில் சேகரிப்பாளர்கள் கூடும் பீர்க்கடையில், டெட்லெஃப் கூல்மான் மட்டும் சீக்கிரம் வந்து உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஈவால்ட்டின் பழைய கூட்டாளி. அது அஸ்பாரகஸ் பருவம். வெண்ணெய் உருக்கி ஊற்றிய வெள்ளைத் தண்டுகளுக்கு முன்னால் அவர் பிரார்த்தனையில் இருப்பவர்போல இருந்தார்.

"வா கெஸீன. இன்னைக்கு யார் வீட்டுச் சொத்தைத் திருப்பிக் குடுக்கப் போற? உன்னால பழஞ்சந்தையே படுத்துருச்சு."

"வாயைத் துடை. இதைப் பாரு."

டெட்லெஃப் கைலென்ஸை வைத்தார். முதலில் இரும்புச் சிலுவை. ஆனால் அதன் ரிப்பன் வெள்ளை, ஓரத்தில் கறுப்புக் கோடு. சண்டை போட்டவனுக்குக் கறுப்பு ரிப்பன், வெள்ளைக் கோடு. சண்டைக்கு வெளியே வேலை பார்த்தவனுக்கு நேர் எதிர். அடுத்தது, தண்ணீரில் போன உயிரைக் காப்பாற்றியவனுக்குப் பிரஷ்ய அரசு தந்த வெள்ளிப் பதக்கம், மஞ்சள் ரிப்பன். மூன்றாவது, 1914-1918 என்று பொறித்த போர் நினைவுச் சிலுவை.

"வெர்டன்ல செத்தவனோடதுங்கறாங்க," என்றார் கெஸீன.

டெட்லெஃப் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மூணாவதை முப்பத்தி நாலுலதான் குடுக்கவே ஆரம்பிச்சான். உயிரோட இருந்து விண்ணப்பம் போட்டவனுக்கு. செத்தவன் பெண்டாட்டிக்குக் குடுத்தது கறுப்பு. இது கறுப்பில்ல."

"அது எனக்குத் தெரியாதா? வருஷம் பொறிச்சிருக்கறதைப் பாத்துட்டு அந்த மனுஷன் முப்பது வருஷமா சண்டைக் காலத்துப் பதக்கம்னே நினைச்சுட்டிருக்கார். பின்னால யாராவது வியாபாரி ஒட்டுப் போட்டிருக்கலாம் இல்ல? அதுக்குத்தான் வந்தேன். விளக்கை எடு."

அவர் குரலில் இருந்த நம்பிக்கை அவருக்கே பிடிக்கவில்லை. டெட்லெஃப் ஊதா விளக்கைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். புது நூலாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் நிலாவைப்போலப் பளிச்சிடும். இருவரும் மேஜைத்துணிக்கு அடியில் தலையை விட்டார்கள். பரிமாறும் பெண், "அங்கிள், இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நூல் பளிச்சிடவில்லை. மூன்று ரிப்பனிலும் ஒரே நூல், ஒரே கை, பழைய தையல். முப்பத்தி நாலுக்குப் பிறகு, புதிய சிலுவை கைக்கு வந்ததும், பட்டையைப் பிரித்து ஒன்றாகத் தைத்து வாங்கியிருக்கிறார் ஒருவர். அப்போது அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

டெட்லெஃப் நிமிர்ந்து உட்கார்ந்தார். விளக்கை அணைத்துப் பையில் போட்டார். பிறகு, "மஞ்சள் ரிப்பன் இந்த ஊர்ல ரெண்டு பேர்கிட்டதான் இருந்துச்சு," என்றார். "ஒருத்தன் படகுக்காரன், சண்டைக்கு முந்தியே செத்தான். இன்னொருத்தர்... சாப்பாட்டை மூடி வைக்கச் சொல்லு. நடந்துட்டு வரலாம்."

நீச்சல் சங்கத்தின் கூடத்தில் பழைய படங்கள் மாட்டியிருந்தன. ஒரு படத்தில், 1935இல் ஆற்றுக் குளியல்துறையைப் புதுப்பித்துத் திறந்த நாள். கொடிகள், தொப்பிகள், நடுவில் கோட்டுப் போட்ட அகலமான மனிதர். மார்பில் மூன்று பதக்கம். படத்தில் நடு ரிப்பன் கறுப்பாகத் தெரிந்தது. அந்தக் காலத்து ஃபிலிமில் மஞ்சள் கறுப்பாகத்தான் விழும். சேகரிக்கிறவர்களுக்கு அது தெரியும். முதல் ரிப்பன் வெளிறி, ஓரங்களில் கோடு. கடைசிச் சிலுவை மற்றவற்றைவிடக் கொஞ்சம் கீழே தொங்கியது. கெஸீன கையிலிருந்த பட்டையைத் தூக்கிப் பிடித்தார். கையிலும் அது அப்படியே கீழே தொங்கியது.

"ஹின்ரிக் வெஸ்ஸல்," என்றார் டெட்லெஃப். "குளியல்துறைக் காவலர். சண்டையில ஆஸ்பத்திரி ரயில்ல ஆள் தூக்கினவர். எனக்கு நீச்சல் கத்துக் குடுத்ததே அவர்தான். ஊர்ல பாதிப் பேருக்கு அவர்தான்."

"எப்பப் போனார்?"

"அம்பத்திரெண்டு. பெஞ்சாதி, ரெண்டு பசங்க. பசங்க ரெண்டு பேரும் ரஷ்யாவுல போயிட்டாங்க. அவளும் பின்னாடியே போயிட்டா. யாரும் இல்ல." டெட்லெஃப் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். "கெஸீன, நான் ஒண்ணு சொல்லட்டா? நினைவுத்தூண்ல வெர்டன்ல செத்தவங்க பேர் வரிசையா இருக்கு. அதுல ஒரு பேரை எடுத்துக் குடுத்துரு. கிழவன் நிம்மதியாப் போகட்டும். செத்தவன் வந்து சண்டையா போடப் போறான்?"

கெஸீன அதை மறுநாள் முழுவதும் யோசித்தார். நல்ல யோசனைதான். ஆல்வினின் இதயம் எத்தனை மாதம் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நோயாளியிடம் பொய் சொன்ன டாக்டர்கள் பலரைப் பார்த்தவர் அவர். டாக்டர் போனதும் நோயாளி திரும்பிப் பார்ப்பது சிஸ்டரின் முகத்தைத்தான். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லி அவருக்கு அலுத்திருந்தது. தவிர, வேறொருவர் பல்செட்டை வாயில் மாட்டினால் முதல் நாள் பல் இருப்பதுபோலத் தெரியும், மூன்றாம் நாள் புண்.

*

வியாழன் மதியம் போனார். ஆல்வின் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு, சொன்னபடியே காலை நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார்.

"பேர் கிடைச்சிருச்சு," என்றார் கெஸீன, கோட்டைக் கழற்றாமல். "ஆனா அவர் சண்டையில சாகல."

"சாகலையா?"

"இந்தக் கடைசிச் சிலுவை முப்பத்தி நாலுக்கப்புறம், உயிரோட இருந்தவங்களுக்குக் குடுத்தது."

"அதுல பதினாலு, பதினெட்டுன்னு போட்டிருக்கே, சிஸ்டர்."

"எந்தச் சண்டைக்குன்னு போட்டது அது. எப்பக் குடுத்தாங்கன்னு இல்ல. இந்த வெள்ளை ரிப்பன், சண்டை போடாதவங்களுக்கு. மஞ்சள், தண்ணியில விழுந்தவங்களைத் தூக்கினதுக்கு."

கெஸீன எதிரே உட்கார்ந்தார். மணிக்கட்டில் விரல் வைக்கத் தோதான தூரத்தில். "ஹின்ரிக் வெஸ்ஸல்."

ஆல்வின் சன்னலைப் பார்த்தார். "குளியல்துறை வெஸ்ஸலா?"

"அவரேதான்."

ஆல்வின் ஒருமுறை சிரித்தார். இருமல் மாதிரி இருந்தது. பிறகு யாரோ ஒரு பையனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்:

"இடுப்புல வாரைக் கட்டி, கயித்துல கோத்து, ஒரு நீளக் கழியில நம்மளைத் தண்ணிக்கு மேல புடிச்சுக்குவார். மேடையில அவர் நடப்பார், கீழே நாம காலை அடிக்கணும். எனக்கு எட்டு வயசு. அப்பல்லாம் அப்பா வயசு ஆம்பளை யாரைப் பாத்தாலும் கேட்டுருவேன். அவர்கிட்டயும் கேட்டேன். 'வெஸ்ஸல் ஐயா, நீங்களும் சண்டைக்குப் போனீங்களாமே, எங்கப்பாவைத் தெரியுமா?'ன்னு."

"என்ன சொன்னார்?"

"'தெரியாது. காலை அடி'ன்னார்."

அடுக்களையில் உருளைக்கிழங்கு தண்ணீர் சுண்டித் தீயத் தொடங்கியது. கெஸீன எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"முப்பத்தெட்டுல," என்றார் ஆல்வின், "ஃப்ரீடாவோட அப்பா வீட்டுல நான் தொப்பியைக் கையில வச்சுட்டு நின்னப்ப, அவர் அஞ்சு தெரு தள்ளித்தான் இருந்திருக்கார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சரி, அப்பப் பெண்டாட்டி இருந்தா, பசங்க இருந்தாங்க. நான் ரஷ்யாவுலருந்து திரும்பி வர்றேன். அவர் பசங்க வரல. அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்திருக்கார், சிஸ்டர். அவர் வீட்டுக் குளியலறை அடுப்பை நான்தான் கட்டினேன். ஸ்டூல் போட்டு உக்காந்து நான் செங்கல் வைக்கறதைப் பாத்துட்டே இருந்தார். எதுக்கு இப்படிப் பாக்கறார், நான் மோசம் பண்ணிருவேன்னு நினைக்கறாரான்னு எனக்குக் கோபம்கூட வந்துச்சு."

கெஸீன அவர் மணிக்கட்டில் விரலை வைத்தார். நாடி தாவியது, ஆனால் நின்றுவிடும் தாவல் இல்லை. அவர் கையை விடாமல் இருந்தார்.

பட்டை மின்னாவிடம் எப்படி வந்தது என்று யாரும் இனிச் சொல்ல முடியாது. அவர் கொடுத்தாரோ, துவைக்க வந்த கோட்டிலிருந்து இவள் கழற்றிக்கொண்டாளோ. இருவரும் மண்ணுக்குள்.

"வழக்கமா வீட்டாளுங்ககிட்டதான் ஒப்படைப்பேன்," என்றார் கெஸீன கடைசியில். "அவர் வீட்டுல யாரும் இல்ல."

"அப்ப நான்தான் மிச்சம்."

"ஆமா."

ஆல்வின் பட்டையை வாங்கி, மேஜை இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளுக்குப் பக்கத்தில் போட்டு மூடினார். தீய்ந்த உருளைக்கிழங்கில் நல்லதை மட்டும் கெஸீன சுரண்டி எடுத்துக் கொடுத்தார். அவர் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

*

மறுநாள் காலை கெஸீன போனபோது அவர் காலைக் கீழே வைக்காமல், கட்டிலில் சட்டையும் கோட்டும் போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருந்தார், தாடையில் ஒரு வெட்டு.

"கட்டிவிடுங்க. கல்லறைக்குப் போகணும்."

வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டி, தன் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அலுவலகத்தில் இருபது வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார் ஆல்வின். பேனாவை மூடிவிட்டு அங்கிருந்த பெண்ணிடம், "வெஸ்ஸல் குடும்பம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"தவணை முடிஞ்சு எண்பதுகள்லயே எடுத்தாச்சு, தாத்தா. குழாய்க்குப் பின்னாடி புல்வெளி இருக்கில்ல, அங்கதான். போய்ப் பாக்கறீங்களா?"

"வேண்டாம்."

மின்னாவின் கல்லருகே ஹார்ம்ஸ் சாக்குத்துணியை விரித்து உளிகளை அடுக்கியிருந்தார். காதில் பென்சில்.

"ஒருவழியா வந்தீங்க, ரோடெ ஐயா. சொல்லுங்க, அப்பா பேர்?"

"அப்பா பேர் வேண்டாம்."

"வெர்டன்னு போடணும்னீங்களே, அது?"

"அதுவும் வேண்டாம். அவ பேர்ல பாசி ஏறிக் கெடக்கு. அதைச் சுத்தம் பண்ணி ஆழமா வெட்டுங்க. கீழே, 'மகன் ஆல்வின்'னு போடுங்க. பிறந்த வருஷத்தை இப்பவே வெட்டிருங்க. இன்னொண்ணை சிஸ்டர் வந்து சொல்லுவாங்க."

ஹார்ம்ஸ் கெஸீனவைப் பார்த்தார். கெஸீன தலையசைத்தார். பிறகு பக்கத்துப் பெஞ்சில் ஆல்வினை உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றும் வாளி ஒன்றைக் கவிழ்த்து அவர் கால்களை அதன்மேல் தூக்கி வைத்தார். கல்தச்சர் கம்பித் தூரிகையால் மின்னாவின் முதல் எழுத்திலிருந்து பாசியைச் சுரண்டத் தொடங்கினார்.